களியும் கலோரிப் பலகையும்: ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கேன்டீன் சாப்பாட்டின் வரலாறு

ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலும் கல்லூரிகளிலும் பல்லாயிரம் இளைஞர்கள் நாள்தோறும் கேன்டீனில்தான் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். வீட்டு அடுப்படியில் இருந்த அந்தச் சாப்பாடு கேன்டீன் கவுண்டருக்கு வந்து சேர்ந்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது. ஆனால், எந்த உணவில் எவ்வளவு சத்து இருக்கிறது என்ற ஆராய்ச்சி சென்னை மாகாணத்தில் அதற்கு நூறாண்டு முன்பே தொடங்கிவிட்டது. உணவைப் பற்றிய அறிவு ஒரு பாதையிலும் தட்டில் விழும் சோறு வேறொரு பாதையிலும் நெடுங்காலம் நடந்தன. கேன்டீன் சுவரில் கலோரிக் கணக்கை எழுதி வைக்கும் இன்றைய முயற்சி அவ்விரண்டையும் ஒன்றுசேர்க்கப் பார்க்கிறது. அது இந்தத் தமிழ்நாடு–கர்நாடக எல்லைப்புறத்தில் எவ்வளவு பலன் தரும் என்பதற்கு இவ்வட்டாரத்தின் உணவு வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

ராகிச் சீமை

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மைசூர் மேட்டுநிலத்தின் தென்கிழக்கு விளிம்பில் இருக்கிறது ஓசூர். பெங்களூரு இங்கிருந்து 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி 1792 உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் வந்து சேர்ந்தது. இரண்டும் சேலம் மாவட்டத்தில் இணைக்கப்பட்டன. 1965-இல் தருமபுரி மாவட்டமும், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிறந்தன. ஆட்சி எல்லை எத்தனை முறை மாறினாலும் நிலமும் பயிரும் மைசூர்ச் சீமையோடு ஒட்டியே இருந்தன. செம்மண், மானாவாரி, ராகி என்பதுதான் இங்குள்ள பழைய வேளாண்மை.

1800-01-இல் மைசூர், மலபார் நாடுகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மைசூர்ச் சீமையின் பயிர்களில் ராகியே தலையாயது என்று விதைப்பு முதல் களத்துமேடு வரை விரிவாக எழுதி வைத்தார். ராகியைப் பூச்சி எளிதில் தாக்காது. குழியிலும் குதிரிலும் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். மழை பொய்க்கும் நாட்டில் அது உணவாகவும் சேமிப்பாகவும் இருந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இவ்வட்டாரத்தில் ஒரே பண்டம் களி, சங்கட்டி, முத்தை என மூன்று பெயரால் வழங்குகிறது.

களி கிண்டும் முறை வீட்டுக்கு வீடு சற்று மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். உலை கொதித்ததும் ஒரு பிடி நொய்யரிசியைப் போட்டு வேகவிடுவார்கள். அதன்மேல் ராகி மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல் மூடி, மாவுக்குள் ஆவி ஏறும்வரை விட்டுவிடுவார்கள். பிறகு பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மரத் துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டி, ஈரக் கையால் உருண்டை பிடிப்பார்கள். கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ அவரைக்கொட்டைக் குழம்போ தொட்டுக்கொள்ள இருக்கும். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டிய பண்டம் இது. ஆறினால் இறுகிவிடும். பிற்காலத்தில் கேன்டீன்களில் களி இடம்பெறாமல் போனதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

பஞ்ச காலத்தில் எழுந்த முதல் வழக்கு

ஒரு மனிதன் உழைத்து உயிர்வாழ எவ்வளவு தானியம் வேண்டும் என்ற கேள்வி இம்மாகாணத்தில் சிறைகளிலும் பஞ்ச நிவாரண முகாம்களிலும்தான் முதலில் அரசாங்கக் கேள்வியானது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் 1860-களிலேயே தென்னிந்திய மக்களின் உணவையும் சிறைக் கைதிகளின் உணவுப் படியையும் ஆராய்ந்து எழுதியவர். 1876-78 பெரும்பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டங்கள் அன்று அதன் பகுதிகள்.

வைசிராய் லிட்டனின் தூதராக 1877 சனவரியில் சென்னைக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியத்தின் விலையும் ஓர் அணாவும் கூலியாகப் போதும் என்று குறைத்தார். உழைப்பவனுக்கு இது போதாது என்று கார்னிஷ் வெளிப்படையாக வாதிட்டார். கடும் வேலை செய்யாத கைதிக்கே இதைவிடக் கூடுதலாகக் கிடைப்பதையும், நிவாரண வேலையாட்களின் உடல் இளைத்து வருவதையும் சான்றாகக் காட்டினார். அவ்வாண்டிலேயே சென்னை அரசு கூலியை உயர்த்தியது. தானியத்தின் எடையையும் அதிலுள்ள சத்தையும் முன்வைத்து அரசின் முடிவு மாற்றப்பட்ட தொடக்ககால நிகழ்வுகளுள் இது ஒன்று. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் அதிகாரிகளுக்கு இடையே நடந்தது. சாப்பிடுகிறவருக்கு அதைப் படிக்கவும் வழியில்லை, வேறொன்றைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை.

குன்னூர் அட்டவணைகள்

உணவைப் பற்றிய அறிவு பொதுமக்களுக்கான நூல்வடிவம் பெற்றது நீலகிரியில். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் 1918-இல் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்கு ஊட்டி வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட வடக்கத்திய உணவில் வளர்ந்தவை நன்கு தேறின. அரிசியே பெரும்பங்காக அமைந்த சென்னை உணவில் வளர்ந்தவை நலிந்தன. இந்த ஆய்வு 1920-களின் இறுதியில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது.

மக்காரிசனுக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, 1937-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பையும் நல்ல உணவைத் திட்டமிடும் முறையையும் விளக்கும் சிறு நூலை வெளியிட்டார். சுகாதார வெளியீட்டு வரிசையில் 23-ஆம் எண் கொண்ட அந்நூல் ஆசிரியர்களையும் விடுதி நிர்வாகிகளையும் மருத்துவர்களையும் கருத்தில் வைத்து எழுதப்பட்டது. அரிசி, ராகி, கம்பு, பருப்பு, கீரை ஒவ்வொன்றிலும் உள்ள புரதம், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்தின் அளவை யாரும் புரட்டிப் பார்க்கலாம் என்ற நிலை அன்று வந்தது. ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. சி. கோபாலனும் உடன் பணியாற்றியோரும் 1971-இல் புதுப்பித்த அட்டவணை மனையியல் மாணவியர் தலைமுறை தலைமுறையாகப் படித்த பாடநூல் ஆயிற்று. நிறுவனத்தின் 2017 அட்டவணை 528 உணவுப் பொருள்களின் சத்து விவரத்தைத் தருகிறது.

ராகியின் சுண்ணாம்புச் சத்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் இருக்கிறது. ராகியை உண்பவர் எண்ணிக்கையோ அதே காலத்தில்தான் குறைந்துகொண்டு வந்தது.

தொழிற்சாலைச் சட்டமும் விலைப்பலகையும்

இந்தியாவில் கேன்டீனைச் சட்டக் கடமையாக்கியது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். இதன் 46-ஆம் பிரிவு, வழக்கமாக 250-க்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் கேன்டீன் அமைக்க விதிவகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தந்தது. கட்டடம், இருக்கை, பாத்திரம், பரிமாறும் உணவு, அதன் விலை, தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறும் கேன்டீன் குழு ஆகியவை விதிகளுக்குள் வந்தன. லாப நோக்கமின்றி விலை வைக்க வேண்டியிருந்தது. உணவின் தரம், அளவு, பட்டியல், நேரம் ஆகியவற்றில் குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டியிருந்தது. 1976 திருத்தம், கேன்டீன் நடத்தும் செலவில் எவற்றைச் சாப்பாட்டு விலையில் சேர்க்காமல் முதலாளியே ஏற்க வேண்டும் என்பதையும் விதிகளில் குறிப்பிட வழிசெய்தது.

இவ்விதிகளில் ஒன்று இங்கே கவனிக்கத் தக்கது. ஒவ்வொரு பண்டத்தின் விலையையும் அனைவர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றது அது. சத்தைப் பற்றி அப்படி ஒரு விதி இருக்கவில்லை. நாட்டு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில், சத்து அட்டவணை நூலகத்தில் இருந்தபோதே, கேன்டீன் சுவருக்கு வந்து சேர்ந்தது விலை மட்டும்தான். குறைந்த கூலிக்காரரை ஒப்பந்ததாரரின் விலையேற்றத்திலிருந்து காப்பது அன்றைய முதல் தேவை. அந்தப் பணியை அந்தப் பலகை செய்தது. கல்லூரிகளை இந்தச் சட்டம் தொடவில்லை. விடுதி மெஸ்ஸும் கல்லூரி கேன்டீனும் நிர்வாகத்தின் விருப்பப்படியும் ஒப்பந்ததாரரின் கணக்குப்படியும் நடந்தன.

கேன்டீனுக்கான ஆள் எண்ணிக்கை வரம்பை 2020-இன் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு 250-இலிருந்து 100-ஆகக் குறைத்தது. ஒப்பந்தத் தொழிலாளரும் அந்த எண்ணிக்கையில் சேர்கிறார்கள். இத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. ஓசூரின் நூற்றுக்கணக்கான சிறு, நடுத்தர ஆலைகளுக்கு இது பொருட்படுத்தத்தக்க மாற்றம்.

சிப்காட்டும் கல்லூரிகளும்

தொழில் வளாகங்களை அமைக்கும் சிப்காட் நிறுவனத்தைத் தமிழ்நாடு அரசு 1971-இல் தொடங்கியது. பின்தங்கிய பகுதிகளுக்குத் தொழிலைக் கொண்டுசெல்லும் திட்டத்தில் அதே பத்தாண்டில் ஓசூரில் தொழில் வளாகம் எழுந்தது. பெங்களூரின் அருகாமையும் தமிழ்நாட்டின் சலுகைகளும் சேர்ந்து ஆலைகளை ஈர்த்தன. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டது. அசோக் லேலண்டின் ஆலையும் அவ்வாண்டே வந்தது. தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாட்டா குழுமமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், 1980-களின் பிற்பாதியில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது.

டைட்டன் தன் முதல் தொழிலாளர்களில் பெரும்பகுதியைப் பள்ளிப்படிப்பு முடித்த கிராமப்புறப் பிள்ளைகளிலிருந்து தேர்ந்தெடுத்தது. வீட்டைவிட்டு வந்த பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள் ஓசூரில் தங்கி வேலை பழகினார்கள். பதினெட்டு வயதில் ராகி வயலை விட்டு நகரத்துக்கு வந்து, முன்பின் அறியாதவர் சமைத்ததைத் தட்டு நீட்டி வாங்கிச் சாப்பிடும் தலைமுறை அப்போதுதான் உருவானது. 1980-களின் இறுதியில் ஓசூரில் அதியமான் பொறியியல் கல்லூரியும், 1994-இல் பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரியும் வந்தன. மத்திகிரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி அமைந்தது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறக்கப்பட்டது. ஆலைக்குப் போனவருக்கும் கல்லூரிக்குப் போனவருக்கும் வயது ஒன்று, ஊர் ஒன்று, பெரும்பாலும் பள்ளியும் ஒன்று. கேன்டீன் கவுண்டரிலும் இருவர் முன்னே இருந்தவை ஏறக்குறைய ஒரே பண்டங்கள்: இட்லி, பொங்கல், சாம்பார் சாதம், தயிர் சாதம், பரோட்டா, பஜ்ஜி, டீ.

அடுத்த பெரும் மாற்றம் 2021-ஐ ஒட்டி வந்தது. தேன்கனிக்கோட்டை வட்டத்தில் டாட்டா எலக்ட்ரானிக்ஸும், போச்சம்பள்ளிப் பகுதியில் ஓலா மின்ஸ்கூட்டர் ஆலையும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களை வேலைக்குச் சேர்த்தன. ஜார்க்கண்ட் போன்ற தொலை மாநிலங்களிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். விடுதியிலும் கேன்டீனிலும் மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்களுக்கு, கேன்டீன் பட்டியலே முழு உணவு. அங்கே கிடைக்காத சத்தை ஈடுசெய்ய வீட்டுச் சாப்பாடு என்று ஒன்று இல்லை.

அரிசி வென்ற விதம்

ராகி பின்வாங்கியதற்கு நாக்கின் விருப்பத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. 1950-களின் இறுதியில் தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணை கட்டி முடிக்கப்பட்டதும் அதன் பாசனத்தில் நெல் பரவியது. மானாவாரி மேட்டில் மாந்தோப்புகள் வந்தன. ஓசூர் மேட்டில் காய்கறியும் ரோஜாவும் ராகியின் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டன. 1967 தேர்தலில் மலிவு அரிசி முதன்மை வாக்குறுதியாக இருந்தது. 1972-இல் ரேஷன் கடைகளுக்குப் பொருள் வழங்கும் நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவாயிற்று. ரேஷன் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கு இறங்கி, 2011 சூன் முதல் விலையில்லா அரிசி ஆனது. பசியைப் போக்கியதில் இத்திட்டங்களின் பங்கு மகத்தானது. அதே வேளையில், ரேஷன் கடையில் இலவசமாகக் கிடைக்கும் அரிசியோடு, விதைத்து அறுத்துத் திரித்துக் கிண்ட வேண்டிய ராகி போட்டியிட முடியவில்லை.

பள்ளியும் இதே திசையில் சென்றது. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982 சூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டமும் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தின. பின்னாளில் முட்டை சேர்ந்து புரதத்தைக் கூட்டியது. தட்டின் அடித்தளம் மட்டும் அரிசியாகவே இருந்தது. கல்லூரியிலோ ஆலையிலோ சேரும் இளைஞருக்குப் பத்தாண்டுப் பள்ளி வாழ்க்கையில் மதியம் என்றால் சோறு என்றே பழகியிருந்தது.

கேன்டீன் சமையலறை மீதிக் காரணத்தைத் தந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரைமணி நேரமாவது ஓய்வு தரச் சொன்னது. அந்த அரைமணிக்குள் கைகழுவி, வரிசையில் நின்று, வாங்கி, சாப்பிட்டு, திரும்ப வேண்டும். நீராவிக் கொப்பரையில் வெந்த சோறு இரண்டு மணி நேரம் வரை பரிமாறத் தோதாக இருக்கும். முந்நூறு பேருக்குக் களி கிண்டப் பெரிய பாத்திரமும் தோள் வலுவுள்ள ஆட்களும் வேண்டும். கிண்டியதை உடனே உருட்டிச் சூடாகக் கொடுத்தாக வேண்டும். கடைசி வரிசைக்கு வருகிறவர் தட்டில் அது இறுகிய கட்டியாக விழும். ஒப்பந்ததாரர்கள் களியைத் தொடாமல் விட்டதற்கு இந்த நடைமுறைச் சிக்கலே போதுமானதாக இருந்தது.

பலகையில் ஏறிய கலோரி

பொட்டலத்தில் அடைத்த உணவின் உறையில் சத்து விவரம் இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் இந்நூற்றாண்டில் வந்த கட்டாயம். 2006-இன் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டமும் அதன் கீழ் வந்த 2011 ஒழுங்குமுறைகளும் அதை உறுதிசெய்தன. சமைத்துப் பரிமாறும் உணவு 2020 ஒழுங்குமுறைகளில்தான் உள்ளே வந்தது. மத்திய உரிமம் பெற்ற, அல்லது பத்து, அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை கொண்ட உணவகங்கள், ஒவ்வொரு பண்டத்தின் எதிரிலும் ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிலோகலோரி என்று பட்டியலிலோ பலகையிலோ காட்ட வேண்டும். சராசரி வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி தேவை, தேவை ஆளுக்கு ஆள் மாறலாம் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். இது 2022 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது.

நியூயார்க் நகரம் 2008-இல் சங்கிலி உணவகங்களில் கலோரியைக் கட்டாயமாக்கியது இதற்கெல்லாம் முன்னோடி. அமெரிக்கா முழுவதும் 2018-இலும், இங்கிலாந்தில் 2022 ஏப்ரலிலும் அதே வழி பின்பற்றப்பட்டது. ஓசூரில் இந்த விதி நெடுஞ்சாலையோரப் பீட்சா, பர்கர் கடைகளைத் தொடுகிறது. உள்ளூர் ஒப்பந்ததாரர் ஒரே இடத்தில் நடத்தும் கல்லூரி கேன்டீனை அது தொடுவதில்லை.

கல்லூரிகளுக்கு வந்தவை அறிவுரைகள். பல்கலைக்கழக மானியக் குழு 2016 நவம்பரிலும் 2018 ஆகஸ்டிலும், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த நொறுக்குத் தீனியை வளாகத்தில் விற்க வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. 2024-இலும் அதை நினைவூட்டியது. பள்ளிகளுக்கு 2020-இல் வந்த ஒழுங்குமுறை இன்னும் கடுமையானது. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் அத்தகைய தீனியை விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. பள்ளி மாணவருக்குச் சட்டம் தந்த காவல், கல்லூரியில் காலடி வைத்ததும் சுற்றறிக்கையாகச் சுருங்கிவிடுகிறது.

பலகை என்ன செய்கிறது

கலோரி எண்ணைப் பார்த்து மனிதர்கள் சாப்பாட்டை மாற்றிக்கொள்கிறார்களா என்பது உலகெங்கும் ஆராயப்பட்டுள்ளது. இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி 2025 சனவரியில், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வின்படி, கலோரி எழுதி வைத்தால் தேர்ந்தெடுக்கும் உணவின் கலோரி சராசரியாக 1.8 விழுக்காடு குறைகிறது. 600 கிலோகலோரிச் சாப்பாட்டில் இது ஏறத்தாழ 11. சிறிய விளைவு, ஆனாலும் நாள்தோறும் திரும்பத் திரும்ப நடப்பது.

எண்ணைவிட நிறம் வேகமாகப் பேசுகிறது. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை கேன்டீனில் 2010-இல் பண்டங்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளம் இட்டார்கள். சிவப்புப் பானங்களின் விற்பனை 16.5 விழுக்காடு குறைந்தது. அடுத்த கட்டமாகத் தண்ணீரையும் நல்ல பண்டங்களையும் கைக்கெட்டும் இடத்தில், கண்மட்டத்தில் வைத்தபோது அது மேலும் 11.4 விழுக்காடு இறங்கியது. இடம் மாறியதாலேயே கிடைத்த பலன் இது.

மாணவரைப் பொறுத்தவரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு மிகத் தெளிவானது. அங்குள்ள கல்லூரிக் கேன்டீன்களில் 94,000-க்கும் மேற்பட்ட சாப்பாட்டுத் தேர்வுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். நான்கு பண்டங்களில் ஒன்றாக இருந்த சைவ உணவை இரண்டாக உயர்த்தியதும் அதன் விற்பனை 41 முதல் 79 விழுக்காடு வரை கூடியது. யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. கவுண்டரில் இருப்பது மாறியது, அவ்வளவுதான்.

எண் தீங்கு செய்யும் இடமும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் உணவுக்கூடங்களில் பண்டங்களின் அருகே வைத்திருந்த சத்து அட்டைகளை 2008-இல் எடுத்துவிட்டது. கலோரியை எண்ணி எண்ணி உண்ண மறுக்கும் மனநோய்க்கு ஆளான மாணவரைப் பற்றிய கவலையே அதற்குக் காரணம். விவரம் கேட்பவருக்கு இணையத்தில் கிடைத்தது. தட்டின் முன்னே மட்டும் அது நிற்கவில்லை.

இந்த மண்ணுக்கு எந்த எண்?

ஓசூர்–கிருஷ்ணகிரி கேன்டீன்களுக்கு அமெரிக்கப் பலகையை அப்படியே கொண்டுவந்து மாட்டினால் என்ன ஆகும் என்பதைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையை வைத்தே கணக்கிடலாம். 150 கிராம் தீட்டிய அரிசியில் சமைத்த சோறு சுமார் 534 கிலோகலோரி. 150 கிராம் ராகியில் செய்த களி சுமார் 482. கலோரிப் பலகையைப் படிக்கும் மாணவர் கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் அந்த அரிசியில் சுண்ணாம்புச் சத்து 11 மில்லிகிராம். ராகியில் 546 மில்லிகிராம். வளர்ந்தவரின் ஒரு நாள் பரிந்துரை 1,000 மில்லிகிராம் என்பதால், ஒரு வேளைக் களியே அதில் பாதியைத் தந்துவிடுகிறது. நார்ச்சத்து அரிசியில் 4 கிராம், ராகியில் 17 கிராம். இரும்புச் சத்து அரிசியில் 1 மில்லிகிராம், ராகியில் ஏறத்தாழ 7. ராகியிலுள்ள ஃபைட்டேட், டானின் என்னும் வேதிப்பொருள்கள் இரும்பு முழுவதும் உடலில் சேர்வதைத் தடுக்கின்றன என்பதையும் இதோடு சொல்ல வேண்டும். முளைகட்டுவதும், கூழாகப் புளிக்க வைப்பதும், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வதும் அந்தத் தடையைக் குறைக்கும்.

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். ஆலைகளிலும் கல்லூரிகளிலும் நிறைந்திருப்பவர்கள் இந்த வயதுப் பெண்கள். வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும் என்பது 2020 பரிந்துரை. இவர்களிடம் கலோரியை மட்டும் காட்டும் பலகை, குறைத்துச் சாப்பிடு என்ற ஒரே செய்தியைத்தான் சொல்லும். அவர்களில் பலருக்குத் தேவைப்படுவது இரும்பும் சுண்ணாம்பும் புரதமும் கூட்டிச் சாப்பிடுவது. உணவு மிகுதியால் நோயுற்ற நாடுகளில் பிறந்த எண் அது. மாவுச்சத்து மிகுதியும் நுண்சத்துக் குறைவும் ஒரே தட்டில் இருக்கும் இங்கே அது பாதி உண்மையையே சொல்கிறது.

ராகி திரும்பி வருவதற்கான சூழலும் கனிந்திருக்கிறது. 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு. தமிழ்நாடு அரசு அதையொட்டிச் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உழவரிடமிருந்து நேரடியாக ராகியைக் கொள்முதல் செய்தது. தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தரும் முன்னோட்டத் திட்டம் வந்தது. ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2022-23-இல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாயாக இருந்து 2025-26-இல் 4,886 ரூபாயாக ஏறியது. கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் இம்மண்ணுக்கேற்ற ராகி ரகங்களைத் தந்திருக்கிறது. எல்லைக்கு அப்பால், 2017-இல் பெங்களூரில் தொடங்கிய, கர்நாடக அரசின் மலிவு விலை இந்திரா கேன்டீன்களின் பட்டியலில் பின்னர் ராகி முத்தையும் சேர்ந்தது. பெருந்திரளுக்குக் களி பரிமாற முடியாது என்ற பழைய எண்ணத்துக்கு அது ஒரு நேரடி மறுப்பு.

களிதான் வேண்டும் என்பதும் இல்லை. ராகி இட்லி, ராகி தோசை, ராகி அடை, ராகிக் கூழ் ஆகியவை ஆறினாலும் கெடுவதில்லை. அரைமணி இடைவேளைக்கும் தோதானவை. முளைக்கீரைக் கடைசலும் கொள்ளு ரசமும் அவித்த முட்டையும் சுண்டலும் இவ்வட்டாரத்துக்குப் புதியவை அல்ல.

இவ்வரலாறு காட்டும் முடிவு தெளிவானது. 1877-இல் கார்னிஷ் காட்டிய கணக்கு கூலியை மாற்றியதால்தான் வயிற்றை எட்டியது. குன்னூர் அட்டவணை கொள்முதலையும் விலையையும் அடுப்பையும் எட்டாததால் எண்பது ஆண்டு ஏட்டிலேயே தங்கியது. கல்லூரி கேன்டீன் பலகைக்கும் அதே நியதிதான். முதலில் கவுண்டரில் ராகிப் பண்டம் ஒன்றும் கீரையோ பயறோ ஒன்றும் நாள்தோறும் இருக்க வேண்டும். அதன் விலை பரோட்டாவை மிஞ்சாமல் இருக்க வேண்டும். வரிசையின் தொடக்கத்தில் அது நிற்க வேண்டும். அதன்பிறகு பலகையில் கலோரியோடு சுண்ணாம்பு, இரும்பு, புரதம், நார் நான்கையும் தமிழில், தேவைப்படும் இடத்தில் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் எழுதி வைக்க வேண்டும். தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளருக்குத் தந்த கேன்டீன் குழுவைப் போல, மாணவரும் மாணவியரும் இடம்பெறும் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் அமைந்து பட்டியலைத் தீர்மானிக்க வேண்டும். கல்லூரி நிர்வாகங்கள் இதற்குப் புதிய சட்டம் எதையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கேன்டீன் ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்த்தாலே போதும்.